ஆறாம் அறையில் 4.2

மார்ச் 4, செவ்வாய்

இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டியதை ஒன்றரை மணி நேரம் சொன்ன கூட்டம். பளபளப்பு என்று நான் மனதுக்குள் பெயர் வைத்திருப்பவன் புதுக் காலணியோடு வந்து, திரையில் பன்னிரண்டு பக்கங்களை ஓட்டினான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் என்னிடம் வேலை பழக வந்தவன், இப்போது என் மேலாளர். நாலு பேர் இருந்தால் என்னை 'மேடம்' என்பான். தனியாக இருந்தால் 'அக்கா'. ஏதாவது காரியம் ஆகவேண்டுமென்றால் நாலு பேர் முன்னாலும் 'அக்கா'. இன்று எல்லோர் முன்னிலையிலும் 'அக்கா' என்றான். அதிலேயே தெரிந்துவிட்டது, இந்த வாரம் வீட்டுக்குச் சீக்கிரம் போக முடியாது.

அண்ணன் சாப்பிடும்போது கேட்டான், இருபத்தைந்து வருடமாக நீ என்னதான் வேலை பார்க்கிறாய் என்று. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். யாரையாவது கேள்வி கேட்காவிட்டால் அவனுக்குச் செரிக்காது. பொறுமையாகத்தான் சொன்னேன். தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர் அறைகளில் சென்சார் இருக்கும். பத்து விநாடிக்கு ஒரு முறை தன் அறையின் சூட்டளவை அது அறிவிக்கும். யார் கேட்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. அந்த அறையின் பெயரைச் சொல்லிப் பதிந்துகொண்ட நிரல்கள் மட்டும் கேட்டுக்கொள்ளும். அவற்றுக்கும் யார் சொன்னது என்ற கவலை இல்லை. நடுவில் வாங்கிக் கொடுப்பது இன்னொரு நிரல், அதற்குப் பெயர் புரோக்கர்.

"சொல்றது ஒருத்தர், கேக்கறது ஊரு, நடுவுல புரோக்கர். இதை நம்ம சின்னம்மா படிக்காமலே செஞ்சாங்களே" என்றான்.

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 6, வியாழன்

ஆறாம் எண் அறையில் மருந்து முழுவதும் உறைந்துவிட்டது, இனி எதற்கும் ஆகாது.

அரசுக் கிடங்கு ஒன்றின் பெரிய அறை அது. சனிக்கிழமை பிற்பகல் கட்டுப்பாட்டுப் பலகை எரிந்திருக்கிறது. குளிரூட்டி நிற்காமல் ஓட, அதே பலகையில் செருகியிருந்த சென்சார் செத்துப்போயிற்று. திங்கள் காலை கிடங்குப் பொறுப்பாளர் குப்பிகளில் பனிக்கட்டியைப் பார்த்திருக்கிறார். நல்ல வேளை, ஒன்றும் வெளியே போகவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் எங்கள் திரையில் பச்சை விளக்கு. '4.2. இப்போது.'

இரண்டு நாளாகச் செத்துக் கிடந்த சென்சார் எப்படி 'இப்போது' பேசும்?

மார்ச் 7, வெள்ளி

பேசவே முடியாது. பதினைந்து நிமிடம் பேச்சு வராவிட்டால் திரை சிவந்து மணி அடிக்க வேண்டும். அதைக் கவனிக்கும் காவல் நிரலை எழுதியவள் நான். முதலில் ஐந்து நிமிடம் என்று வைத்திருந்தேன். சும்மா சும்மா மணி அடிக்கிறது என்று வாடிக்கையாளர்கள் முறையிட, போன வருடம் பளபளப்புதான் உள்ளே கை வைத்தான். என்னைக் கேட்கவில்லை. மணியையே ஊமையாக்கியிருப்பான். எனக்குச் சந்தேகமே இல்லை.

மதியம் அவன் அறைக்குக் கூப்பிட்டான். கதவைச் சாத்திவிட்டு 'அக்கா' என்றான். அறிக்கை தயாராக இருக்கிறது, மூத்தவள் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டும். படித்தேன். கிடங்குப் பொறுப்பாளர் ஒவ்வொரு வேளையும் உள்ளே போய், தொங்கும் வெப்பமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். போகாமலே எழுதியிருக்கிறார். பொய்ப் பதிவு. மனிதத் தவறு. திரையைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம், அதுவும் அடியில் பொடி எழுத்தில்.

இடத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். அவன் முகம் கொஞ்சம் மாறியது. போய்ப் பாருங்கள் என்றான். ஏன் அவ்வளவு சுலபமாக விட்டான்?

மார்ச் 10, திங்கள்

கிடங்குக்குப் போனேன். சுண்ணாம்பு உதிரும் நீளக் கட்டிடம், பின்புறம் லாரி வந்து நிற்கும் மேடை. பொறுப்பாளருக்கு நாற்பது வயது இருக்கும். தற்காலிகப் பணிநீக்கம் செய்திருக்கிறார்கள். சாவி, சரக்கு எல்லாவற்றையும் ஒப்படைக்க வரச் சொல்லியிருந்ததால் அங்கே இருந்தாள். எனக்கு நாற்காலி போடவில்லை.

"எழுதிக்குங்க. வர்றவங்க எல்லாரும் எழுதிக்கத்தான் வர்றீங்க."

பதிவேட்டைப் பார்த்தேன். சனி மாலை 4.2. ஞாயிறு காலை 4.2. ஞாயிறு மாலை 4.2. உண்மையான அறை அப்படி இருக்காது. கதவைத் திறந்தால் ஏறும், மூடினால் இறங்கும், கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். மூன்று வேளையும் ஒரே எண் வந்தால் சந்தேகம் வர வேண்டாமா என்று கேட்டுவிட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"உங்க திரைக்கே சந்தேகம் வரலை. எனக்கு ஏன் வரணும்?"

உள்ளே போகாதது தப்புதான் என்று ஒப்புக்கொண்டாள். போகக்கூடாது என்று சொன்னது யார் என்றும் கேட்டாள். கதவில் எங்கள் நிறுவனத்தின் ஒட்டுத்தாள் இருந்ததாம்: 'கதவைத் திறக்காதீர்கள், திரையைப் பாருங்கள்.' நான் பார்த்தபோது கதவில் தாள் இல்லை. கையகலத்துக்கு வண்ணம் மட்டும் புதுசாக இருந்தது. விரலை வைத்தால் பசை ஒட்டியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் ஆட்கள் இருவர் வந்து சுரண்டிக்கொண்டு போனார்கள் என்றாள். இப்போது புரிகிறது, போய்ப் பாருங்கள் என்று ஏன் அவ்வளவு சுலபமாகச் சொன்னான் என்று.

விசாரணை இருபதாம் தேதி. பொய்ப் பதிவு என்று தீர்ந்தால் அவளுக்கு இந்த வேலை போகும், இனி எந்த அரசு வேலைக்கும் விண்ணப்பிக்க முடியாது. இரண்டு பிள்ளைகள் கல்லூரியில். இதையும் அவளாகச் சொல்லவில்லை, வாசலில் காவலாளி சொன்னார்.

ஏதாவது நினைவுக்கு வந்தால் கூப்பிடுங்கள் என்று என் எண்ணை எழுதிக் கொடுத்தேன். பார்க்காமலே பையில் திணித்துக்கொண்டாள்.

பளபளப்பின் காலணியைக் கழற்றி அவன் தலையிலேயே அடிக்க வேண்டும் போல இருக்கிறது. ஐம்பது வயதை நெருங்குகிறவள் எழுதும் எழுத்தா இது. இருக்கட்டும், யார் படிக்கப்போகிறார்கள்.

மார்ச் 12, புதன்

நிரலின் பழைய வரலாற்றை எடுத்தேன். ஒவ்வொரு வரியையும் யார், எந்த நாள், எத்தனை மணிக்கு எழுதினார்கள் என்று அதில் இருக்கும். அவன் பெயரைத் தேடிக்கொண்டுதான் திறந்தேன். காலையிலேயே மனதுக்குள் அவனோடு சண்டை போட்டு இரண்டு முறை ஜெயித்துமிருந்தேன்.

அவன் மணியை ஊமையாக்கவில்லை. ஐந்து நிமிடத்தைப் பதினைந்து ஆக்கியிருக்கிறான், அவ்வளவுதான். பதினைந்திலும் அது அடித்திருக்க வேண்டும்.

ஏன் அடிக்கவில்லை? அந்தக் கிடங்கின் இணைப்பு நாலு நிமிடத்துக்கு ஒரு முறை அறுந்து ஒட்டும். ஒட்டும்போதெல்லாம் திரையின் நிரல் புரோக்கரிடம் மறுபடியும் போய், ஆறாம் அறைச் செய்தி எனக்கு வேண்டும் என்று பதியும். புதிதாக வருகிறவர் வெறும் கையோடு நிற்கக்கூடாது என்று, கடைசியாக வந்த செய்தியைப் புரோக்கர் எடுத்து வைத்திருந்து கொடுக்கும். அது நல்ல ஏற்பாடு, எல்லோரும் செய்வது. சனிக்கிழமை பிற்பகல் சென்சார் கடைசியாகச் சொன்னது 4.2. அதையே நாலு நிமிடத்துக்கு ஒரு முறை, இரண்டு நாள் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அதிலும் தப்பில்லை. சென்சார் தான் சொன்ன நேரத்தையும் சேர்த்துத்தான் அனுப்புகிறது. அதைப் பார்த்தால் பழைய செய்தி என்று தெரிந்துவிடும். ஆனால் எங்கள் நிரல் அந்த நேரத்தைப் பார்ப்பதில்லை. செய்தி தன் கைக்கு வந்த நேரத்தைத்தான் அதன்மேல் குத்துகிறது. செத்தவர் எழுதிய கடிதத்துக்கு இன்றைய தபால் முத்திரை.

அந்த ஒரு வரி. மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை 11.40.

எழுதியவர்: நான்.

பக்கத்தில் என் குறிப்பும் இருக்கிறது. 'தற்காலிகம். சென்சார்களின் கடிகாரம் சரியானதும் மாற்றவும்.' நினைவு வந்துவிட்டது. பழைய சென்சார்கள் மின்சாரம் போய் வந்தால், நான் பிறப்பதற்கும் முந்தைய ஒரு தேதியில் கண் விழிக்கும். அதனால் ஒரு வாரத்துக்கு மட்டும் என்று இப்படி வைத்தேன். பிறகு புதுச் சென்சார்கள் வந்தன, கடிகாரம் சரியாயிற்று. வரி அங்கேயே இருந்தது.

ஒரு வாரத்துக்கு மட்டும்!

மார்ச் 13, வியாழன்

அலுவலகம் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். தலைவலி இல்லை.

மார்ச் 14, வெள்ளி

உபரியாகக் கிடந்த ஒரு சென்சாரை என் மேசையில் வைத்து ஓட்டினேன். 24.6. மின்செருகியைப் பிடுங்கினேன். பிறகு இணைப்பை நானே நாலு நிமிடத்துக்கு ஒரு முறை அறுத்து ஒட்டினேன். மதியம் முழுவதும் திரை சொல்லிக்கொண்டிருந்தது: 24.6, இப்போது. 24.6, இப்போது. அந்தப் பச்சை விளக்கும் 'இப்போது' என்ற சொல்லும் நான் தேர்ந்தெடுத்தவை. 'கடைசியாகக் கிடைத்தது' என்று போடலாம் என்று யாரோ சொன்னபோது, நீளமாக இருக்கிறது என்று மறுத்ததும் நான்தான்.

நூற்றுப் பன்னிரண்டு அறைகளில் இந்த வரி ஓடிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

அண்ணனிடம் சொன்னேன். ஏன் சொன்னேன்? வேறு யாரிடம் சொல்வது.

பேப்பரை மடிக்காமலே கேட்டுக்கொண்டிருந்தான். இந்த வயதில் வேலையை விட்டால் எவன் உன்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பான் என்றான். அந்தப் பெண் உள்ளே போய்ப் பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும், அதுவும் உண்மைதானே என்றான். நானும் மூன்று நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த வாதம்தான். அவன் வாயிலிருந்து வந்ததும் நாற்றமடித்தது.

அப்படியானால் கையெழுத்துப் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன்.

"போடேன். உனக்கு என்ன புதுசா? அப்பாவோட ரேடியோவை நீ உடைச்ச, அடி வாங்கினது நான்."

எனக்கு ஒன்பது வயது அப்போது. நாற்பது வருடமாக இதை இவன் சேமித்து வைத்திருக்கிறான். எழுந்து வந்துவிட்டேன். அவன் பேப்பரைப் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது, வேண்டுமென்றே.

மார்ச் 17, திங்கள்

பளபளப்பிடம் போய்ச் சொன்னேன். அந்த வரி என்னுடையது, அறிக்கையை மாற்ற வேண்டும் என்று.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆறாம் தேதியே பார்த்துவிட்டான். பதினொரு நாளாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு தெரியாதவன் மாதிரி இருந்திருக்கிறான்.

"நான் உங்களைத்தான் காப்பாத்திக்கிட்டு இருக்கேன் அக்கா."

அதில் பொய் இல்லை. என்னைக் காப்பாற்றுகிறான், நூற்றுப் பன்னிரண்டு அறை ஒப்பந்தத்தையும் காப்பாற்றுகிறான், இரண்டுக்கும் பழி சுமக்க அந்தக் கிடங்குப் பெண் ஒருத்தி போதும் அவனுக்கு. ஒரு வாரமாக நான் அவனை வெறுத்தது செய்யாத குற்றத்துக்காக. இன்று முதல் செய்ததற்காக வெறுக்கலாம், அந்த வசதி கிடைத்தது.

அறிக்கை இருக்கட்டும், வரியையாவது இன்றே திருத்தி எல்லா அறைக்கும் அனுப்பலாமா என்றேன். கூடாது என்றான். விசாரணைக்கு முன்னால் திருத்தினால் அது ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். இருபத்தொன்றாம் தேதி சத்தமில்லாமல் செய்துகொள்ளலாம்.

நாலு நாளில் வேறு அறை கெட்டால்? கேட்டேன்.

நாலு நாள்தானே அக்கா, என்றான். நானும் அன்று ஒரு வாரம்தானே என்றுதான் நினைத்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

காலை ஒன்பதே காலுக்கு வரியை மாற்றினேன். செய்தி வந்த நேரம் இல்லை, சென்சார் சொன்ன நேரம். எடுத்து வைத்திருந்து கொடுத்த பழைய செய்தி என்றால் அதற்குப் பச்சை விளக்கு கிடையாது. மொத்தம் ஆறு வரி. நூற்றுப் பன்னிரண்டு இடத்துக்கும் அனுப்பும் உரிமை இன்னும் என்னிடம் இருந்தது. அனுப்பினேன்.

ஒன்பதரைக்குள் மூன்று அறைகள் சிவந்தன.

மூன்று இடத்துக்கும் நானே தொலைபேசியில் கூப்பிட்டேன். இருபத்து மூன்றில் மருந்தே இல்லை, காலி அறை. நாற்பதில் சென்சார் மட்டும் கெட்டிருந்தது, அறை நன்றாக இருந்தது. தொண்ணூற்றொன்றில் எடுத்தவரை உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னேன். திரையில் 5 என்று இருக்கிறதே என்றார். திரையை விடுங்க, உள்ள போங்க என்று கத்திவிட்டேன். போய் வந்தார். பத்து. எட்டைத் தாண்டக் கூடாது. மருந்தைப் பக்கத்து அறைக்கு மாற்றும் வரை போனை வைக்கவிடவில்லை நான்.

பதினொரு மணிக்குப் பளபளப்பு வந்தான். முழு அறையும் பார்க்க, 'மேடம், நீங்க செஞ்சது என்னன்னு புரியுதா' என்றான். புரிகிறது என்றேன். மதியத்துக்குள் என் கடவுச்சொல் எதுவும் வேலை செய்யவில்லை.

மார்ச் 20, வியாழன்

விசாரணைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. போய் வராந்தாவில் உட்கார்ந்து, சொல்ல ஒன்று இருக்கிறது என்று சீட்டு எழுதி உள்ளே அனுப்பினேன். அரை மணி கழித்துக் கூப்பிட்டார்கள். நீள மேசை; ஒரு பக்கம் பளபளப்பு, எதிர்ப்பக்கம் அவள், நடுவே விசாரணை அதிகாரி.

முன்பே எடுத்து வைத்திருந்த நிரல் வரலாற்றின் அச்சுப்படியை வைத்து, அண்ணனுக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். சொல்கிறவர், கேட்கிறவர், நடுவில் புரோக்கர், பழைய கடிதம், புது முத்திரை, அடிக்காமல் போன பதினைந்து நிமிட மணி. கதவில் ஒட்டியிருந்த தாளைப் பற்றியும், பசையைப் பற்றியும் சொன்னேன். அதிகாரி கடைசி வரை குறுக்கிடவில்லை. பிறகு கேட்டார்:

"இந்த வரியை எழுதினது யாரு?"

"நான்."

அவர் எழுதிக்கொண்டார்.

பொய்ப் பதிவுக் குற்றத்தை எடுத்துவிட்டார்கள். உள்ளே போய்ப் பார்க்காததற்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும். வெளியே வந்தபோது அவள் படியில் நின்றிருந்தாள். நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்தேன், பொய் எதற்கு.

"பத்தாம் தேதி என்கிட்ட வந்து அந்தக் கேள்வி கேட்டீங்களே. அப்பவே தெரியுமா?"

தெரியாது என்றேன். எப்போது தெரிந்தது என்று கேட்டாள். பன்னிரண்டாம் தேதி.

விரல் விட்டு எண்ணினாள்.

"எட்டு நாள்" என்றாள். போய்விட்டாள்.

வீட்டில் அண்ணனிடம், ரேடியோவை உடைத்தது நான்தான் என்றேன். இப்போது சொல்லி என்ன, ரேடியோவும் இல்லை அப்பாவும் இல்லை என்றான். ஆனால் தட்டை எனக்கும் சேர்த்துக் கழுவி வைத்தான். அதைப் பெரிதுபடுத்த மாட்டேன். அவனுக்குத் தண்ணீரில் கை வைத்தால் நேரம் போகும்.

மார்ச் 25, செவ்வாய்

அலுவலகத்தில் என் மேசைக்கு வரும் வழியையே எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

ஏப்ரல் 11, வெள்ளி

கடைசி நாள். அனுமதியில்லாமல் நிரலை வெளியிட்டதற்காக. அது உண்மையும்கூட, வாதாடவில்லை. அட்டைப்பெட்டியில் ஒரு குடுவை, இரண்டு புத்தகம், ஒரு சால்வை. இருபத்தைந்து வருடம் ஒரு கைக்குள் அடங்கியது.

மின்தூக்கியில் பளபளப்பும் நானும் மட்டும் இருந்தோம். ஐந்து மாடி. கீழே வந்ததும், "பார்த்துப் போங்க மேடம்" என்றான். கேட்பதற்கு அங்கே வேறு யாரும் இல்லை.

ஏப்ரல் 16, புதன்

காலை 8.10க்கு ஒரு குறுஞ்செய்தி. தெரியாத எண். 'ஆறாம் அறை. உள்ளே போய்ப் பார்த்தது. 4.6.'

அவள்தான். வேறு ஒரு சொல் இல்லை.

ஏப்ரல் 17, வியாழன்

8.10. 'ஆறாம் அறை. உள்ளே போய்ப் பார்த்தது. 4.3.'

இது தண்டனையா? நக்கலா? எனக்கும் அந்த அறைக்கும் இனி ஒரு சம்பந்தமும் இல்லை. அனுப்பச் சொல்லி நான் கேட்கவில்லை. நிறுத்தவும் சொல்லவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

இரண்டு இடத்தில் வேலைக்குக் கேட்டேன். ஒரு இடத்தில், உங்கள் அனுபவம் எங்களுக்கு அதிகம் என்றார்கள். வயது என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை.

4.1. 4.7. 4.4. 4.4. 4.9. கடைசி இலக்கம் ஆடுகிறது. உயிரோடு இருக்கிறது.

மே 6, செவ்வாய்

8.10க்கு வரவில்லை.

தேநீர் வைத்தேன். 8.15. வரவில்லை. மறந்திருப்பாள், அவளுக்கு வேறு வேலை இல்லையா. 8.20. அண்ணன், யார் போனுக்குக் காத்துக்கொண்டிருக்கிறாய் என்றான். யாருக்கும் இல்லை என்றேன். 8.25க்குக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"பதினஞ்சு நிமிஷம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"சரி. கூப்பிடறீங்களான்னு பார்த்தேன்."

வைத்துவிட்டாள். தேநீர் ஆறிப்போயிருந்தது, அப்படியே குடித்தேன்.

8.27. ஆறாம் அறை. உள்ளே போய்ப் பார்த்தது. 4.5.